மாமாவை டிபி ஆராய்ச்சியில் சேர்க்கக் கேட்கிறார்கள், கையெழுத்துப் போடலாமா?

புளியந்தோப்பு மருமகன் | வெள்ளி, இரவு 9.40

வணக்கம். என் தாய்மாமா ஆட்டோ ஓட்டுகிறார், வயது 52. ஒரு மாதத்துக்கு மேல் விடாத இருமல், ராத்திரியில் பனியன் பிழிகிற அளவுக்கு வேர்வை, ஏழு கிலோ இறங்கிவிட்டார். சளி டெஸ்டில் டிபி என்று வந்துவிட்டது. மருந்து ஆரம்பிக்கப் போன இடத்தில், "ஆறு மாதம் சாப்பிடுவதை நாலு மாதமாகக் குறைக்க முடியுமா என்று ஒரு ஆராய்ச்சி நடக்கிறது, விருப்பம் இருந்தால் சேரலாம், திங்கட்கிழமைக்குள் சொல்லுங்கள்" என்று ஒரு படிவத்தைக் கொடுத்தனுப்பியிருக்கிறார்கள்.

14 பக்கம். தமிழில்தான் இருக்கிறது. ஆனால் "சமவாய்ப்பு முறையில் ஒரு பிரிவில் சேர்க்கப்படுவீர்கள்" என்று ஒரு வரி. மாமா அதை மூன்று தடவை படித்துவிட்டு, "சமவாய்ப்புன்னா என்னடா, இட ஒதுக்கீடா?" என்கிறார். எனக்கும் சொல்லத் தெரியவில்லை.

அத்தை ஒரே பிடியாக வேண்டாம் என்கிறாள். "ஏழைங்கன்னா எலி மாதிரி ஊசி போட்டுப் பாப்பாங்க." மாமாவுக்கு நாலு மாதத்தில் முடிந்தால் வண்டியை எடுக்கலாம் என்று ஆசை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

கருவேலம் | வெள்ளி, இரவு 10.05

அத்தை சொல்வதைக் கேளுங்கள். கம்மம் மறந்துபோச்சா? 2009-ல் அன்றைய ஆந்திராவின் கம்மத்திலும் குஜராத்தின் வடோதராவிலும் 10 முதல் 14 வயது பெண் பிள்ளைகளுக்கு கருப்பைவாய்ப் புற்றுக்கான தடுப்பூசி போட்டார்கள். கம்மத்தில் நிறைய பேர் விடுதியில் தங்கிப் படிக்கும் பழங்குடிப் பிள்ளைகள். அப்பா அம்மா போட வேண்டிய கையெழுத்தை வார்டன்களே போட்டார்கள். ஏழு பிள்ளைகள் இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் 2010-ல் நிறுத்தினார்கள். 2013-ல் நாடாளுமன்றக் குழு அறிக்கையில் கிழி கிழி என்று கிழித்தார்கள். பெரிய பெரிய பெயர்கள் எல்லாம் அதில் இருந்தது.

கைநாட்டு வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். பிறகு யாரைத் தேடுவீர்கள்?

---

மாலைநேர ஸ்டெத் | வெள்ளி, இரவு 11.20

@கருவேலம், நீங்கள் சொன்னதில் பாதி சரி. ஒப்புதல் வாங்கிய விதம் மோசம், அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் அந்தப் பிள்ளைகள் தடுப்பூசியால் இறக்கவில்லை. பாம்புக்கடி, பூச்சிமருந்து, தண்ணீரில் மூழ்கியது, மலேரியா என்று விசாரணையில் தெரிந்தது. இந்தப் பாதியைச் சொல்லாமல் விட்டதால் அந்தத் தடுப்பூசி மீது வந்த பயம் இன்னும் போகவில்லை. அந்தப் புற்றில் சாகிறவர்களும் ஏழைப் பெண்கள்தான்.

இதில் ஒன்று கவனிக்கணும். அந்தத் திட்டத்தை நடத்தியவர்கள் அதை 'ஆராய்ச்சி' என்றே ஒத்துக்கொள்ளவில்லை. ஏற்கனவே உரிமம் வாங்கிய தடுப்பூசி, நாங்கள் செய்வது செயல்விளக்கம்தான் என்றார்கள். ஆராய்ச்சி என்று ஒத்துக்கொண்டிருந்தால் ஒப்புதல், காப்பீடு, பக்கவிளைவுக் கண்காணிப்பு எல்லாம் கட்டாயமாகியிருக்கும். ஆக, 14 பக்கப் படிவத்தோடு வந்து "இது ஆராய்ச்சி" என்று நேராகச் சொல்கிறவர்களைப் பார்த்து நான் அவ்வளவு பயப்பட மாட்டேன். சொல்லாமல் செய்கிறவர்களைப் பார்த்துத்தான் பயம்.

மருமகன், சமவாய்ப்பு என்றால் குலுக்கல். அவ்வளவுதான். யாருக்கு ஆறு மாத மருந்து, யாருக்கு நாலு மாத மருந்து என்பதை டாக்டரும் தீர்மானிக்க மாட்டார், மாமாவும் தீர்மானிக்க முடியாது. கம்ப்யூட்டரில் முன்கூட்டியே போட்ட குலுக்கல். மாமா நாலு மாத ஆசையில் சேர்ந்தால் ஆறு மாதக் குழுவில் விழ சரிபாதி வாய்ப்பு உண்டு. இதை முதலில் அவருக்குப் புரிய வையுங்கள். பல பேர் இது புரியாமல்தான் சேர்கிறார்கள்.

---

சும்மா_பார்க்கிறேன் | சனி, காலை 6.15

பின்தொடர.

---

கூவம்கரை | சனி, காலை 7.30

நான் சென்னையில் டிபி களப்பணியில் 30 வருஷத்துக்கு மேல் இருந்து ரிட்டையர் ஆனவன். வீடு வீடாகப் போய் மாத்திரை சாப்பிட்டாங்களா என்று பார்க்கிற வேலை. அதனால் நீளமாக எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்க மாமாவுக்கு இன்னைக்கு வீட்டிலிருந்தே மருந்து கிடைக்கிறதே, அதுவே சேத்துப்பட்டில் நடந்த ஒரு ஆராய்ச்சியால்தான். தாம்பரம் சானடோரியம் என்று ரயில்வே ஸ்டேஷன் இருக்கிறது இல்லையா? அந்தக் காலத்தில் டிபி வந்தால் அந்த மாதிரி இடத்தில் கொண்டுபோய்ப் படுக்க வைக்கணும். நல்ல காற்று, ஓய்வு, பால், முட்டை. மாசக்கணக்கில். படுக்கையோ கொஞ்சம், நோயாளியோ கொள்ளாது. 1956-ல் சேத்துப்பட்டு ஸ்பர் டேங்க் ரோட்டில் ஒரு மையம் ஆரம்பித்தார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், மெட்ராஸ் அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நாலும் சேர்ந்து. இங்கிலாந்திலிருந்து வாலஸ் ஃபாக்ஸ் என்ற டாக்டர் வந்து தலைமை ஏற்றார். 193 பேரை எடுத்தார்கள். எல்லாம் நம்ம மெட்ராஸ் ஏழை ஜனங்கள். குலுக்கிப் போட்டு, பாதிப் பேரை சானடோரியத்துக்கு அனுப்பினார்கள், மீதிப் பேரை அவங்க வீட்டிலேயே வைத்தார்கள். மருந்து ரெண்டு பக்கமும் ஒன்றுதான், ஐசோனியசிட்டும் பாஸும் (PAS), ஒரு வருஷத்துக்கு.

வருஷக் கடைசியில் நோய் அடங்கியவர்கள் சானடோரியத்தில் 100-க்கு 92, வீட்டில் 86. 1959-ல் வெளியிட்டார்கள். ஒரே அறையில் ஏழு பேர் படுக்கிற வீடு, கஞ்சி, விடிந்ததும் வேலை, அதிலும் 86! அஞ்சு வருஷம் பின்தொடர்ந்து பார்த்தபோது ரெண்டு பக்கமும் ஏறக்குறைய சமமாகவே இருந்தது. இதைவிடப் பெரிய விஷயம், வீட்டில் வைத்து வைத்தியம் பார்த்ததால் பெண்டாட்டி பிள்ளைக்குக் கூடுதலாக ஒட்டவில்லை. ஒட்டுகிறது எல்லாம் பெரும்பாலும் மருந்து ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே நடந்துவிடுகிறது. அதுக்கப்புறம் உலகம் பூரா சானடோரியங்களை மூட ஆரம்பித்ததில் நம்ம சேத்துப்பட்டுக்குப் பெரிய பங்கு உண்டு.

ஆனா எல்லாரும் இத்தோடு நிறுத்திவிடுவார்கள். அந்த 86 எப்படி வந்தது? மருந்து மட்டும் கொடுத்து அனுப்பி வரவில்லை. வாராவாரம் மருந்து வாங்க வரணும். வராவிட்டால் ஆள் வீட்டுக்குப் போகும். சொல்லாமல் கொள்ளாமல் போய் மாத்திரையை எண்ணிப் பார்ப்பார்கள், மூத்திரம் பிடித்துக்கொண்டு வந்து மருந்து உள்ளே போயிருக்கா என்று சோதிப்பார்கள். வீட்டிலேயே குணமாக்கலாம் என்ற முடிவை மட்டும் எடுத்துக்கொண்டு, இந்த அலைச்சலை அப்புறம் வந்த திட்டங்களில் பாதி இடத்தில் விட்டுவிட்டார்கள். நான் வேலைக்குச் சேர்ந்தபோது என் ஏரியாவுக்கு நான் ஒரு ஆள், ஒரு சைக்கிள்.

அதனால் என் அனுபவத்தில் ஆராய்ச்சியில் சேர்ந்த நோயாளியைத்தான் நாங்கள் ஒழுங்காகப் பார்த்துக்கொண்டோம். மத்தவனை யாரும் தேடவில்லை. இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

---

கருவேலம் | சனி, காலை 9.10

@கூவம்கரை ஐயா, மரியாதையோடு கேட்கிறேன். நல்ல கவனிப்பு வேண்டுமென்றால் ஆராய்ச்சிக்கு உடம்பைக் கொடு என்று ஆகிறதே. இது சம்மதமா, நிர்ப்பந்தமா?

---

கூவம்கரை | சனி, காலை 9.45

நியாயமான கேள்விதான் தம்பி. பதில் என்கிட்ட இல்லை.

---

ஒட்டன்சத்திரம் சந்தை | சனி, மதியம் 1.30

கருவேலம் கேட்டதால் எழுதுகிறேன். இது டிபி இல்லை, ஆனால் விஷயம் அதேதான்.

2000-ல் எங்கள் திண்டுக்கல் மாவட்டத்தில் கருப்பைவாய்ப் புற்றுக்கு ஒரு பெரிய ஆய்வு நடந்தது. அம்பிளிக்கை கிறிஸ்தவ ஆஸ்பத்திரியும் வெளிநாட்டுப் புற்றுநோய் ஆய்வு நிறுவனமும் சேர்ந்து. 30 முதல் 59 வயதுப் பெண்கள். ஊர்களை 114 தொகுப்பாகப் பிரித்து, 57-க்குப் பரிசோதனை, 57-க்கு இல்லை. பெரிய மிஷின் ஒன்றும் கிடையாது. பயிற்சி எடுத்த நர்ஸ் நீர்த்த அசிட்டிக் அமிலத்தைத் தடவிப் பார்ப்பார், சந்தேகமான இடம் வெள்ளையாகத் தெரியும். என் சின்னம்மா போய்விட்டு வந்து, "ஊறுகாய்க்கு ஊத்துற வினிகர் வாசம்டி" என்று சொன்னது இன்னும் ஞாபகம் இருக்கிறது. முதலில் யாரும் போகவில்லை. வெட்கம். பஞ்சாயத்துத் தலைவர் வீட்டு அம்மா போன பிறகுதான் மற்றவர்கள் கிளம்பினார்கள்.

2007-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. பரிசோதனை செய்த ஊர்களில் புற்றுநோய் 25 சதவீதம் குறைவு, அதனால் சாவு 35 சதவீதம் குறைவு. கருப்பைவாய்ச் செல்லை எடுத்துச் சோதிக்கிற பாப் ஸ்மியர் லேப் இல்லாத நாடுகள் எல்லாம் இந்த மாதிரி ஆய்வுகளை வைத்துத்தான் திட்டம் போடுகின்றன. பெருமையாகத்தான் இருக்கிறது.

இன்னொரு 57 தொகுப்பில் இருந்த முப்பதாயிரம் பெண்கள்? அவர்களுக்கு அன்றைக்கு என்ன கிடைத்துக்கொண்டிருந்ததோ அதுதான். அதாவது ஒன்றுமில்லை. மும்பையிலும் உஸ்மானாபாத்திலும் இதே மாதிரி நடந்த ஆய்வுகளையும் சேர்த்து, பரிசோதனை இல்லாத பிரிவில் நூற்றுக்கணக்கில் செத்தார்களே, இது சரியா என்று பிற்பாடு அமெரிக்காவிலிருந்தே ஒரு டாக்டர் புகார் எழுப்பினார்.

எங்கள் பாட்டி ஊர் எந்தப் பக்கம் விழுந்தது என்று எனக்குத் தெரியாது. பாட்டி அந்த வியாதியில்தான் போனாள்.

---

மாலைநேர ஸ்டெத் | சனி, மாலை 4.50

அக்கா, படித்துவிட்டு உடனே எழுத முடியவில்லை.

நடத்தியவர்கள் தரப்பைச் சொல்கிறேன், ஏற்றுக்கொள்ள வேண்டும் என்றில்லை. அப்போது இந்தியாவில் கிராமங்களில் இந்தப் பரிசோதனைக்குத் திட்டமே கிடையாது. ஆய்வு வராமல் இருந்திருந்தால் 114 தொகுப்புக்கும் ஒன்றுமில்லை. வினிகர் முறையால் சாவு குறையுமா என்பது அன்றைக்கு நிரூபிக்கப்படவில்லை. குறையாது என்று தெரியவந்திருந்தால், தேவையில்லாமல் சிகிச்சை செய்துகொண்ட பெண்களுக்கு என்ன பதில்?

நல்லது என்று எல்லோரும் நம்பியது பொய்த்ததும் நம் பக்கத்திலேயே நடந்திருக்கிறது. 1968-ல் செங்கல்பட்டு மாவட்டத்தில், இன்றைய திருவள்ளூர் பக்கம், டிபிக்கான பிசிஜி தடுப்பூசி ஆய்வு. இரண்டரை லட்சம் பேருக்கு மேல். பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் டிபியை பிசிஜி தடுக்கவில்லை என்று முடிவு வந்தபோது உலகமே நம்ப மறுத்தது. 15 வருஷம் பின்தொடர்ந்தும் அதே பதில். இன்றைக்குக் குழந்தைகளுக்குப் போடுவது மூளைக்காய்ச்சல் மாதிரி கொடிய டிபியிலிருந்து காப்பாற்றத்தான்.

ஆனால் பிசிஜி பலிக்குமா என்பது அன்றைக்கு யாருக்கும் தெரியாது. கருப்பைவாய்ப் புற்றுக்குப் பரிசோதனையே இல்லாததைவிட ஏதாவது பரிசோதனை நல்லது என்பது 2000-ல் உலகத்துக்குத் தெரியும். இந்த வித்தியாசத்தில் நான் உங்கள் பக்கம்தான் நிற்கிறேன்.

மருமகன், உங்கள் கேள்விக்கு வருகிறேன். நாலு மாத மருந்து ஒன்றும் புது யோசனை இல்லை. முன்பு ஒரு தடவை இதே சேத்துப்பட்டு நிறுவனம் மாக்ஸிஃப்ளாக்ஸசின், காட்டிஃப்ளாக்ஸசின் என்ற மருந்துகளை வைத்து, வாரம் மூன்று நாள் கொடுத்துப் பார்த்தது. குணமானவர்களுக்கு நோய் திரும்ப வருவது அதிகமாக இருக்கிறது என்று இடையிலேயே நிறுத்தினார்கள். தோல்விதான். ஆனால் நிறுத்தினார்கள் பாருங்கள், அதற்கென்று தனியாக ஒரு கண்காணிப்புக் குழு இருந்தது. பிறகு 2021-ல், இந்தியாவும் சேர்ந்த 13 நாடுகளில் 2,500 பேருக்கு மேல் நடந்த ஆய்வில், ரிஃபாபென்டினும் மாக்ஸிஃப்ளாக்ஸசினும் சேர்ந்த நாலு மாத மருந்தை தினமும் கொடுத்தபோது ஆறு மாதத்துக்குச் சமமாக வேலை செய்தது. ஆக ஒரு தடவை தோற்றது, ஒரு தடவை ஜெயித்தது. உங்கள் மாமாவிடம் கேட்பது எந்த மருந்து என்று அந்த 14 பக்கத்தில் நிச்சயம் இருக்கும். பெயரை இங்கே போடுங்கள்.

நாலு மாதக் குழுவில் விழுந்து நோய் திரும்பினால் என்ன சிகிச்சை, எத்தனை மாதம் கண்காணிப்பார்கள் என்று கட்டாயம் கேளுங்கள். நாலு மாதத்தில் விட்டுவிடுவார்கள் என்று நினைக்காதீர்கள். மருந்து நின்ற பிறகும் ஒரு வருஷத்துக்கு மேல் கூப்பிடுவார்கள். அதற்கு ஆட்டோ சவாரி விட்டுத்தான் போகணும். அந்த நாள் சம்பளத்துக்கு ஏதாவது உண்டா என்றும் கேளுங்கள். கேட்க வெட்கப்பட வேண்டாம், பெரும்பாலும் அதையும் எழுதியே வைத்திருப்பார்கள்.

---

கருவேலம் | சனி, இரவு 8.00

பாதிப்பு வந்தால் நஷ்ட ஈடு?

---

மாலைநேர ஸ்டெத் | சனி, இரவு 8.25

உண்டு. ஒரு காலத்தில் கேள்வி கேட்பாரில்லை. 2012-ல் சுப்ரீம் கோர்ட்டில் பொதுநல வழக்கு வந்து கோர்ட் கடிந்துகொண்ட பிறகு, 2013-ல் நஷ்ட ஈட்டு விதி வந்தது. இப்போது இருப்பது 2019-ன் புதிய மருந்துகள் விதிகள். புது மருந்து ஆய்வால் பாதிப்பு என்றால் சிகிச்சைச் செலவும் நஷ்ட ஈடும் நடத்துகிறவர் பொறுப்பு. படிவத்தில் சிடிஆர்ஐ (இந்திய மருத்துவ ஆய்வுகளின் பதிவேடு) பதிவு எண் ஒன்று இருக்கும், போனிலேயே தேடிப் பார்க்கலாம். 2009-லிருந்து பதிவு கட்டாயம். ஆய்வு நியாயமாக நடக்கிறதா என்று பார்க்கிற எத்திக்ஸ் கமிட்டியின் போன் நம்பரும் இருக்கணும். ரெண்டும் இல்லாவிட்டால் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுங்கள்.

---

ஆவாரம்பூ | ஞாயிறு, காலை 10.10

டிபிக்கு பப்பாளி இலைச் சாறு நல்லது. என்னிடம் லேகியம் உள்ளது, தனிமடலில் வரவும்.

நெறியாளர் | ஞாயிறு, காலை 10.35

ஆவாரம்பூ, இது இரண்டாவது எச்சரிக்கை.

---

கூவம்கரை | ஞாயிறு, காலை 11.00

லேகியம் வேண்டாம், சோறு போடுங்கள். இதில் ஒரு பழைய கணக்கு பாக்கி இருக்கிறது. 1956-ல் சானடோரியத்தில் நல்ல சாப்பாடு, எடையும் கூடியது, ஆனால் குணமாவதில் பெரிய வித்தியாசமில்லை. "சாப்பாடு முக்கியமில்லை, மருந்து போதும்" என்று அதிலிருந்து ஒரு பேச்சு பரவிவிட்டது. நாங்களும் வீட்டுக்கு வீடு அதையே சொன்னோம், சாமி.

2023-ல் ஜார்க்கண்ட் ஆய்வு வெளிவந்தது. ரேஷன்ஸ் என்று பெயர். நாலு மாவட்டம். எல்லா டிபி நோயாளிக்கும் மாசாமாசம் உணவுக் கூடை. அதில் பாதி இடங்களில் அவங்க குடும்பத்துக்கும் சேர்த்துக் கொடுத்தார்கள். குடும்பத்துக்கும் சாப்பாடு போன இடத்தில் வீட்டு ஆட்களுக்கு டிபி வருவது 39 சதவீதம் குறைந்தது. நோயாளிக்கு முதல் ரெண்டு மாசத்தில் எடை அஞ்சு சதவீதம் ஏறினால் சாவு பாதிக்கும் மேல் குறைந்திருந்தது. பழைய ஆய்வு கேட்டது மருந்து கேட்குமா என்று. சாப்பாடு இல்லாதவனுக்கு நோய் ஏன் வருது என்று அது கேட்கவே இல்லை. கேட்காத கேள்விக்கு நாங்கள் பதில் சொல்லிக்கொண்டு திரிந்தோம்.

அத்தைக்கும் பிள்ளைகளுக்கும் நல்ல சாப்பாடு போகட்டும். அரசு மாசம் 1,000 ரூபாய் கணக்கில் போடும், 2024 கடைசியில் 500-லிருந்து கூட்டினார்கள். பேங்க் பாஸ்புக்கை மறக்காமல் கொண்டுபோங்கள்.

---

புளியந்தோப்பு மருமகன் | செவ்வாய், இரவு 10.15

எல்லோருக்கும் நன்றி. நேற்று மாமாவோடு போய்விட்டு வந்தேன்.

பதிவு எண் இருந்தது, தேடினேன், வந்தது. மருந்து ஸ்டெத் சொன்ன அந்த இரண்டாவது வகைதான். கவுன்சிலர் அம்மா பொறுமையாக உட்கார்ந்து பேசினார். குலுக்கலை விளக்க ரெண்டு கவரை எடுத்துக் காட்டினார். சவாரியை விட்டுவிட்டு வருகிற நாளுக்குப் பணம் உண்டு, ரொம்ப இல்லை. நோய் திரும்பினால் முழு சிகிச்சை அவர்கள் பொறுப்பு. 18 மாதம் பின்தொடர்வார்கள். எனக்குத் திருப்தியாகிவிட்டது. சாட்சிக் கையெழுத்துக்குப் பேனாவைக்கூட எடுத்துவிட்டேன்.

அப்போது மாமா கேட்டார்: "வீட்டுக்கு வருவீங்களா?" வருவோம், முகவரி உறுதி செய்ய முதல் வாரமே வருவோம், அப்புறம் சொல்லாமலும் வருவோம் என்றார்கள். மாமா முகம் மாறிவிட்டது. ஒண்டுக் குடித்தன வீடு. மாடியில் ஓனர். பொதுக் குழாய், பொது கக்கூஸ். டிபி என்று தெரிந்தால் அந்த மாசமே காலி பண்ணச் சொல்வார்கள், போன வருஷம் கீழ் போர்ஷனில் அப்படித்தான் நடந்தது. "ஸ்டாண்டுக்கு வாங்கம்மா, டீ வாங்கித் தரேன், வீட்டுக்கு வேணாம்" என்றார். அந்த அம்மா உள்ளே போய் டாக்டரிடம் கேட்டுவிட்டு வந்தார். முடியாதாம். வீட்டைப் பார்க்காமல் சேர்க்க விதி இல்லை.

"அப்ப வேணாம்மா."

"சரிங்க ஐயா" என்றார். அவ்வளவுதான். முகம் சுளிக்கவில்லை. அடுத்த அறைக்கு அவரே கூட்டிக்கொண்டு போய், எடை பார்த்து, அன்றைக்கே ஆறு மாத மருந்தை ஆரம்பித்துக் கொடுத்தார்கள். @கருவேலம், இதை உங்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

இன்று காலை மாமா பாத்ரூமிலிருந்து பதறிக்கொண்டு வந்தார், ஆரஞ்சு கலரில் போகிறதாம்.

---

கருவேலம் | செவ்வாய், இரவு 10.40

சரி. அது நல்ல இடம்தான் போலிருக்கிறது.

---

கூவம்கரை | புதன், காலை 6.50

ஆரஞ்சு கலர் ரிஃபாம்பிசின் என்ற டிபி மருந்தால் வருவது. பயப்பட வேண்டாம், மருந்து உள்ளே போகிறது என்று அர்த்தம். நாங்கள் வீட்டுக்குப் போனால் முதலில் அதைத்தான் கேட்போம்.

வீட்டு ஓனர் விஷயம் எனக்குத் தெரியாததில்லை. நான் சைக்கிளைத் தெருமுனையில் நிறுத்திவிட்டு, எல்ஐசி ஏஜென்ட் மாதிரி பையை மாட்டிக்கொண்டு போயிருக்கிறேன். அதை எந்த விதியிலும் எழுதவில்லை.

இப்போது யாரும் தேடி வர மாட்டார்கள், அதனால் நீங்கள்தான் பார்க்கணும். ரெண்டாவது மாசம் இருமல் நின்று, பசி எடுத்து, வண்டி எடுக்கத் தெம்பு வரும். அப்போதுதான் எல்லாரும் மாத்திரையை விடுவார்கள். அட்டையில் தேதி எழுதி வையுங்கள், ஞாயிற்றுக்கிழமை நீங்களே எண்ணுங்கள். மாமாவுக்குச் சொல்லிவிட்டு எண்ண வேண்டாம்.